படகுக்குத் தண்ணீர் கட்டியவர்

படகுக்குள் ஏறுவதற்கு முன் அப்புத்துரை செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். ஏறிக் காலை ஊன்றிய பிறகுதான், அந்த மரியாதையில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

"என்ன, கோயிலுக்குள்ளயே போறியள், செருப்பைக் கழட்டிப்போட்டு?" சமையலை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்று மனைவி இராசேஸ்வரி கேட்டாள்.

"ஊர்ப் பொதுச் சாமான். மரியாதை குடுக்கத்தானே வேணும்?"

"அதைக் கொக்குகளுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

கொக்குகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. படகு நின்றது வீட்டு முற்றத்துத் தரையில். அதற்கு மேலே மருதமரம். மரம் நிறையக் கொக்கும் நீர்க்காகமும். பகல் முழுவதும் வயலிலும் குளத்திலும் மீன் தின்றுவிட்டு, அந்திக்கு வந்து, தின்றதற்குச் சாட்சியைப் படகுக்குள் இறக்கிவிட்டுத் தூங்கும் கூட்டம் அது. படகு நீல நிறம். நீலம் என்பது அப்புத்துரைக்கு ஞாபகத்தில் இருந்ததே தவிர, கண்ணுக்குத் தெரியவில்லை.

காலையில் கிராம சேவகர் பிரஷாந்தினி தொலைபேசியில் சொன்ன செய்திதான் அவரைப் படகுக்குள் ஏற்றியிருந்தது.

"ஐயா, நாளைக்குக் காலமை வவுனியாவில இருந்து பெரிய சேர் ஒராள் வாறார். வெள்ளத்துக்கெண்டு தந்த படகுகளைப் பாக்கப் போறாராம். வேற இடத்துக்கு ஒரு படகு தேவைப்படுதாம். உங்கட படகு, இல்லாட்டி அடுத்த ஊர்ச் சிற்றம்பலம் ஐயாட படகு. ரெண்டில ஒண்டு போகும்."

"எதெண்டு என்னெண்டு முடிவெடுப்பார், பிள்ளை?"

"அது எனக்குத் தெரியாது ஐயா. பாத்திட்டுச் சொல்லுவார்."

பிரஷாந்தினிக்குத் தெரியாதது அப்புத்துரைக்குத் தெரிந்திருந்தது. ஒரு பொருளை ஒழுங்காக வைத்திருக்காதவனிடமிருந்துதான் அதைப் பறிப்பார்கள். இதற்கு வவுனியாவிலிருந்து ஆள் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

முரசுமோட்டை நெல் விளைகிற ஊர். அங்கே பிறந்தவனுக்கு வரம்பில் ஓடத் தெரியும், படகில் ஏறத் தெரியாது. ஆனால் முன்பு ஒரு மாரியில் வெள்ளம் வந்தபோது, அப்புத்துரையும் இராசேஸ்வரியும் ஓர் ஆட்டுக்குட்டியும் கிணற்றடிச் சுவரில் ஏறி இருந்தார்கள். இருவருக்கும் நீந்தத் தெரியாது. ஆட்டுக்குத் தெரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. விடியும்வரை இராசேஸ்வரி அவருடைய கையை விடவில்லை. ஒரு படகு வராதா என்று இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளம் வற்றிய பிறகு ஒரு தொண்டு நிறுவனம் சில ஊர்களுக்கு, ஊருக்கு ஒன்றாக, படகு கொடுத்தது. "ஆர் பொறுப்பெடுக்கிறியள்?" என்று கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அப்புத்துரை மட்டும் கையைத் தூக்கினார். அன்று முதல் அவர் படகுப் பொறுப்பாளர். மகளின் கலியாண அழைப்பிதழிலும் தன் பெயருக்குக் கீழே அதைப் போடுவித்தார். வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று மருதமரத்தடியில் நல்ல நிழலாகப் பார்த்துப் படகை வைத்தவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு வெள்ளமே வரவில்லை.

இப்போது கார்த்திகை பிறந்திருந்தது. மழை இருட்டு வானத்தில் நின்றது. இந்த நேரத்தில் படகைக் கொடுப்பதா? அப்புத்துரை வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதலில் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினார். எச்சம் சீமெந்துபோல இறுகிப்போயிருந்தது. பொச்சுத்தான் தேய்ந்தது. மண்வெட்டியால் சுரண்டினார். எச்சம் கொஞ்சம் போனது. கூடவே நீலமும் போனது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். அங்கங்கே கிடந்த வெள்ளை முழுப் படகுக்கும் பரவியது.

"வடிவா வெள்ளையடிச்சிருக்கிறியள்," என்றாள் இராசேஸ்வரி. "பொங்கல் வரப்போகுது எண்டு நினைப்பினம்."

"ஊறவேணும். ஊறினால்தான் கிளம்பும்."

ஊறவைப்பது எப்படி என்று அப்புத்துரைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நிலம் இறுகிக் கிடந்தால் என்ன செய்வோம்? தண்ணீர் கட்டுவோம். அவர் வயலுக்கு இறைக்கிற மிசினைக் கிணற்றடிக்கு இழுத்து வந்தார். குழாயின் வாயைப் படகுக்குள் போட்டு மிசினை இயக்கினார். படகு நிரம்பி, விளிம்பு தட்டும்வரை தண்ணீர் நின்றது. இனிப் பயிர் நடவேண்டியதுதான் பாக்கி.

பின்நேரம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். எச்சம் வழுவழுவென்று கிளம்பி வந்தது. அவருக்கு வந்த சந்தோசத்தில் பக்கத்து வளவு ராஜரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ராஜரத்தினம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "நல்ல வேலைதான் அண்ணை. இனித் தண்ணியை என்னெண்டு வெளியில விடுவியள்?"

அப்புத்துரை அதை யோசித்திருக்கவில்லை. வயலென்றால் வரம்பை ஒரு வெட்டு வெட்டிவிடலாம். அவர் மண்வெட்டியைப் பார்த்தார், படகைப் பார்த்தார்.

"வெட்டிக்கிட்டிப் போடாதேங்கோ!" என்று ராஜரத்தினம் பதறிக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தார்.

இருவருமாக வாளியால் அள்ளி ஊற்றினார்கள். தரையில் நிற்கும் படகிலிருந்து தண்ணீர் இறைத்த முதல் ஆட்கள் அந்த ஊரில் அவர்களாகத்தான் இருக்கவேண்டும். முதுகு நிமிர்த்த முடியாமல் போனபோதும் படகில் பாதித் தண்ணீர் நின்றது. ராஜரத்தினம் வீட்டுக்குப் போய் ஓர் அலவாங்கைக் கொண்டுவந்தார். அந்த இரும்புக் கம்பியைப் படகுக்கு அடியில் கொடுத்து, இருவரும் சேர்ந்து நெம்பினார்கள்.

படகு சரிந்தது. சரிந்த பக்கம் குசினி இருந்தது.

"ஐயோ, இஞ்சாருங்கோ!" இராசேஸ்வரி உள்ளேயிருந்து கத்தினாள். "வெள்ளம்! வெள்ளம் வந்திட்டுது!"

அப்புத்துரை ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவள் கால்களைத் தூக்கிக்கொண்டு கதிரையில் நின்றாள். அடுப்பு அணைந்திருந்தது. வறுத்து ஆறவைத்திருந்த அரிசிமா சுளகோடு மிதந்து வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. குசினி முழுவதும் மீன் நாற்றம்.

"பயப்பிடாதை, இது எங்கட படகுத் தண்ணிதான்."

அது ஆறுதலான வார்த்தை என்று அவர் உண்மையாகவே நம்பினார். இராசேஸ்வரி கதிரையில் நின்றபடியே அவரைப் பார்த்த பார்வையில் ராஜரத்தினம் அலவாங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனாலும் படகு சுத்தமாகிவிட்டது. அப்புத்துரை அதை நிமிர்த்தி, சவர்க்காரத்தூள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்தார். நீலம் பளபளத்தது. இந்த நிறத்தை அவர் பார்த்து எவ்வளவோ காலம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது தலைக்கு மேலே சிறகடிக்கும் சத்தம் கேட்டது. அந்தி ஆகியிருந்தது. கொக்குகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன.

"சூ! சூ!" என்றார். கைதட்டினார். கல்லெறிந்தார். கொக்குகள் ஒரு கொப்பிலிருந்து மற்றக் கொப்புக்கு மாறி உட்கார்ந்து, கீழே என்ன நடக்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தன.

அப்புத்துரை வீட்டுக்குள் ஓடி, வயலுக்கு யானை வந்தால் கொளுத்துவதற்கு வைத்திருந்த யானைவெடியை எடுத்து வந்தார்.

"அதை ஏன் எடுக்கிறியள்?" குசினியைக் கூட்டிக்கொண்டிருந்த இராசேஸ்வரி கேட்டாள்.

"ஒரு வெடிதான். ஒண்டும் இனி இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காது."

திரியைப் பற்றவைத்து, மரத்தடியில் எறிந்துவிட்டுக் காதைப் பொத்தினார். வெடி மருதமரத்தையே உலுக்கியது. மரத்தில் இருந்த அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. பயத்தில் எழும்பும் பறவை முதலில் எதைச் செய்யும் என்பதை அப்புத்துரை அன்றுதான் அறிந்துகொண்டார். பகல் முழுவதும் தின்ற மீன் எல்லாம் ஒரே கொட்டாகக் கொட்டியது. படகிலும் கொட்டியது, படகுக்குப் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற பொறுப்பாளரிலும் கொட்டியது.

அடுத்த நிமிடம் ஊரே சட்டி தட்டிக்கொண்டு வந்தது.

"எங்கை யானை? எந்தப் பக்கம் போனது?" முன்னால் ராஜரத்தினம், கையில் அதே அலவாங்கு.

"யானை இல்லை," என்றாள் இராசேஸ்வரி. "கொக்கு."

எல்லோரும் வெள்ளையாக நின்ற அப்புத்துரையைப் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்.

அப்புத்துரைக்கு அழுகை வந்தது. "சிரியுங்கோ," என்றார். "நாளைக்கு வெள்ளம் வந்தால் எதில ஏறுவியள்? நாளைக்கு அந்தச் சேர் இதைப் பாத்திட்டு ஏத்திக்கொண்டு போனால், எல்லாரும் சேந்து கிணத்துக்கட்டில ஏறி இருப்பம். இவள் அண்டைக்கு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்த இருப்பை நான்தான் பாத்தனான், நீங்கள் பாக்கேல்லை."

இருமல் நின்றது. இராசேஸ்வரி சேலையை இடுப்பில் செருகினாள். குசினி கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து படகுக்குள் ஏறினாள். செருப்பைக் கழற்றவில்லை. அதைப் பார்த்து ராஜரத்தினம் ஏறினார். பிறகு ஏறியவர்களுக்குப் படகில் இடம் போதவில்லை. அந்தப் படகில் இத்தனை பேர் ஒருமிக்க ஏறியது அன்றுதான்.

பச்சை எச்சம் இலேசாகப் போய்விட்டது. யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து மேலே பூசினார்கள். நெல் சூடடிக்க விரிக்கிற பெரிய படங்கைக் கொண்டுவந்து படகை மூடிக் கட்டினார்கள். இந்த யோசனை ஏன் மத்தியானமே வரவில்லை என்று இராசேஸ்வரி கேட்டாள். அப்புத்துரை படங்குக் கயிற்றின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

காலையில் படங்கை இழுத்தபோது படகு புதிதாகப் பெட்டி பிரித்ததுபோல இருந்தது.

பெரிய சேர் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி, பிரஷாந்தினியோடு வாகனத்தில் வந்து இறங்கினார். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இறங்கினார். படகைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. சுற்றிவந்தார். கையால் தடவினார். தடவிய கையை முகர்ந்தும் பார்த்தார். பின்பக்கம் குனிந்து ஒரு சின்ன அடைப்பைத் திருகிக் கழற்றி, அந்த ஓட்டையால் எட்டிப் பார்த்தார்.

"இதைத் திறந்துவிட்டுத்தான் கழுவுறனீங்களோ?"

"ஓம் சேர்," என்றார் அப்புத்துரை. அப்படி ஓர் ஓட்டை இருப்பதை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இராசேஸ்வரியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

"நான் எத்தினையோ இடத்தில படகு பாத்திட்டன். இப்பிடி வச்சிருக்கிற ஒராளைக் காணேல்லை ஐயா. மெத்தச் சந்தோசம்."

கையைக் குலுக்கிவிட்டு ஏறிப் போய்விட்டார். அப்புத்துரை குலுக்கிய கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சிற்றம்பலத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஆறுதல் சொல்லத்தான், அதில் கொஞ்சம் வேறு சந்தோசமும் இருந்ததென்றால் அது மனித சுபாவம்.

"சேர் அங்கை வந்தவரோ?"

"வந்தவர், வந்தவர்," என்றார் சிற்றம்பலம். "படகைப் பாத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒண்டும் கதைக்காமல் போயிட்டார். கோழி அடையிற படகு, நான் எங்கை கழுவினது? எனக்கு நாரி நோ, குனிய ஏலாது."

"கவலைப்படாதையும். வெள்ளம் வந்தால் உம்மையும் எங்கட படகில ஏத்துவன்."

"பெரிய மனசு உமக்கு."

மத்தியானச் சாப்பாட்டை அப்புத்துரை முற்றத்தில் கதிரையைப் போட்டு, படகைப் பார்த்தபடி சாப்பிட்டார். மீன்குழம்பு வேண்டாம் என்றுவிட்டார். மழை தூறத் தொடங்கியிருந்தது. பெய்யட்டும் என்று நினைத்தார். எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும்.

அப்போது ஒரு லொறி வந்து வாசல் படலையடியில் நின்றது. சாரதியும் இரண்டு பேரும் கயிற்றோடு இறங்கினார்கள்.

"தம்பியவை இடம் மாறி வந்திட்டியள்," என்றார் அப்புத்துரை, கையைக் கழுவிக்கொண்டே. "சிற்றம்பலத்தார் வீடு அடுத்த ஊர். இப்பிடியே நேர போய், பாலத்தடியில திரும்புங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்."

சாரதி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மருதமரத்தடிக்கு நடந்தான்.

"அங்கை இல்லை அண்ணை. அந்தப் படகில கிடக்கிற பீச்சலை ஆர் இருந்து கழுவிறதெண்டு, கழுவி வச்சிருக்கிற படகைத்தான் சேர் ஏத்திக்கொண்டு வரச் சொன்னவர்."