டிக்‌ஷனரி டிரெஸ்ஸர் கண்டுபிடித்த சீக்கு

லாபு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு மனிதரைக் கண்டு மலேரியாவே ஒதுங்கிப் போனது என்றால், அது எங்கள் டிக்‌ஷனரி டிரெஸ்ஸர்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். ஜப்பான்காரன் வந்த பிறகு அங்கே மருந்தே கிடையாது. மலேரியா பயந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து வந்த இங்கிலீஷுக்குத்தான்.

நான் அப்போது சின்னக் கிராணி, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். என் கெட்ட நேரம், அவரோடு ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். சாயங்காலமானால் ஒரு விளையாட்டு. பல்லை உடைக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வார். நான் அர்த்தம் சொல்ல வேண்டும். தோற்றவன் மரவள்ளிக்கிழங்கு உரிக்க வேண்டும். இரண்டு வருஷமாக நான்தான் உரித்தேன். ‘ஸ்டெர்னுடேஷன்’ ஏதோ பெரிய பதவி என்று நினைத்துச் சொன்னேன். தும்மலாம். தும்மலுக்கு இத்தனை எழுத்து செலவழித்த வெள்ளைக்காரன் சண்டையில் தோற்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்புறம் ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். அதுவரை போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. எங்கள் தோட்டத்துப் பட்டியலில் பதினெட்டுப் பேர். என் பெயர் நாலாவது. காய்ச்சல் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. காய்ச்சலோடேதான் லோரியில் ஏற்றினார்கள்.

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஜப்பானிய அதிகாரி வந்தார். கூடவே டவுனிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். இங்கிலீஷில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டுகிறவர். டிரெஸ்ஸர் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். சோம்பல் முறித்துக் கொட்டாவி விட்டவனுக்கு ‘பாண்டிகுலேஷன்’. குளிரில் மயிர்க்கூச்செறிந்து நின்றவனுக்கு ‘ஹாரிபிலேஷன்’. என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். முந்தின நாளிலிருந்து காய்ந்த வயிறு.

“போர்போரிக்மஸ். ரொம்ப முத்திப் போச்சு” என்றார்.

பசியில் வயிறு இரைவதற்குத்தான் அந்தப் பெயர். அதற்கும் நான் கிழங்கு உரித்திருக்கிறேன். சிரிப்பு தொண்டை வரை வந்தது. பயத்தில் அங்கேயே நின்றுவிட்டது. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. டிக்‌ஷனரியில் இல்லாததை எந்தக் காலத்திலும் அவர் சொன்னதில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல அவர் படித்த படிப்பு இடம் கொடுக்குமா? குரலைத் தாழ்த்தி, ஒட்டிக்கொள்கிற சீக்குதானே என்று டிரெஸ்ஸரைக் கேட்டார்.

“இந்த லயத்துல இது இல்லாத ஆளே இல்லலா” என்றார் டிரெஸ்ஸர்.

அதுவும் உண்மைதான். எங்கள் குடியிருப்பு வரிசை முழுக்கக் காய்ந்த வயிறுதான். மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் என்ன சொன்னாரோ, அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டியலைக் கிழித்துப் போட்டார். பதினெட்டுப் பேரும் தப்பினோம். பின்னால் நகர்ந்துபோன அதிகாரி, தூரத்தில் நின்று டிரெஸ்ஸரைக் காட்டி ஏதோ சொன்னார். இத்தனை சீக்கு தெரிந்த ஆள் சயாமில் அவசியம் வேண்டுமாம். இப்போதே ஏற வேண்டுமாம்.

அவர் துணியை மூட்டை கட்டும்போது நான் கெஞ்சினேன். “உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கிடுங்க ஐயா.”

சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே சொன்னார்: “டிரெஸ்ஸருக்கே சீக்குன்னா, உங்க பதினெட்டுப் பேரு சீக்கையும் யாரு தம்பி நம்புவா?”

அவர் திரும்பி வரவில்லை. லோரி செம்மண் சாலையில் திரும்பி மறைகிறவரை, அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.