பாங்காக் போன இருதயம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு உருப்படியாக எதையும் கண்டுபிடிக்காமல் நெடுங்காலத்தை வீணடித்துவிட்டு, கடைசியில் மே மாத வெளிநாட்டுக் குடும்பச் சுற்றுலாவைக் கண்டுபிடித்தது. இந்த மகத்தான கண்டுபிடிப்பு ஆம்பூருக்கு வந்து சேரச் சற்றே தாமதமானது உண்மைதான். ஆனால் வந்த பிறகு ஆம்பூர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் பாலாற்று மணல் பொரியும் நாட்களில், ஊரின் கண்ணியமான குடும்பங்கள் இன்னொரு நாட்டின் நாற்பது டிகிரி வெயிலுக்குப் புறப்பட்டுப் போய்விடுகின்றன. அங்கிருந்து வரும் படங்களில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிறார்கள். வியர்வை படத்தில் விழுவதில்லை.

இன்பராஜ் இந்தக் கண்ணியத்துக்கு வெளியே நாற்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டவர். மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், வெட்டிய தோல் துண்டுகளை ஷூவின் மேல்பாகமாகத் தைத்துச் சேர்க்கும் க்ளோசிங் செக்ஷனுக்கு அவர் சூப்பர்வைசர். அவர் கண்ணில் தேறிய ஷூக்கள் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போயின. அவர் போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி.

இப்படியே அவர் காலம் முடிந்திருக்கும். பக்கத்து வீட்டு ஹுமேரா ஒரு நாள் மாடியில் துணி காயப்போட வந்தபோது, இன்பராஜின் மனைவி கிறிஸ்டினாவிடம், "இந்த வருஷம் பாக்கு போறோம்க்கா" என்று சொன்னாள். ஹுமேராவின் வீட்டுக்காரர் ஷாஹித் தோலுக்கு ரசாயனம் சப்ளை செய்பவர். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தது. ஆகவே கிறிஸ்டினா முகமெல்லாம் சிரிப்பாக, "ரொம்ப சந்தோசம், பாக்கு வெத்தல எந்த ஊரு மாப்ள வீட்டுக்கு?" என்று கேட்டாள். பாக்கு என்பது அசர்பைஜான் நாட்டின் தலைநகரம் என்று ஹுமேரா போனில் வரைபடத்தைத் திறந்து பொறுமையாக விளக்கினாள். கேலி செய்யவில்லை. அதுதான் கிறிஸ்டினாவால் தாங்க முடியாததாக இருந்தது.

அதே வாரம் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மகள் நிஷா ஆறாம் வகுப்பு படிப்பது பைபாஸ் ரோட்டில் உள்ள ஓர் 'இன்டர்நேஷனல்' பள்ளியில். அதன் சர்வதேசத் தன்மைக்கு வாசலில் சிமென்டில் கட்டிய உலக உருண்டையே சாட்சி. விடுமுறையில் பிள்ளைகள் பெற்ற 'உலக அனுபவம்' பற்றி ஒரு சார்ட் தயாரிக்க வேண்டும், எவரையும் பள்ளி வற்புறுத்தவில்லை என்று சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது. வெளிநாட்டு அனுபவங்கள் முன்வாசல் சுவரில் ஒட்டப்படும். உள்நாட்டு அனுபவங்கள் பின்பக்கம், கழிப்பறைக்குப் போகும் வழியில்.

"அவ சார்ட்ட பாத்ரூம் பக்கம் ஒட்னாங்கன்னா, நான் அந்த ஸ்கூல் வாசப்படி மிதிக்க மாட்டேங்க" என்றாள் கிறிஸ்டினா. அழவில்லை, கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். பதினான்கு வருடத் திருமண அனுபவத்தில் இன்பராஜ் அந்தச் சாதாரணத்துக்குத்தான் பயப்படுவார்.

எனவே அவர் 'ஹாலிடே கன்சல்டன்ட்' காஷிஃபின் அலுவலகத்துக்குப் போனார். காஷிஃப் கருணை மிக்க இளைஞன். குறைந்த செலவில் எந்த நாடு கிடைக்கும் என்று கேட்டவரிடம், நாடு முக்கியமில்லை, கடல் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் என்று தத்துவம் சொன்னான். தாய்லாந்து, நான்கு ராத்திரி ஐந்து பகல். அதில் ஒரு ராத்திரி ஏர்போர்ட்டில். மீதி மூன்றில் எதிலும் ஜன்னல் இல்லை.

"ஜன்னல் இன்னாத்துக்குண்ணா? ரூம்ல உக்காரவா அவ்ளோ தூரம் போறீங்க?" என்றான் காஷிஃப். பணம் ஜாஸ்தியாகத் தெரிந்தால் ஒரு பங்கு முன்னதாகவும், மீதி மாதம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் வீதம் பன்னிரண்டு தவணையாகவும் கட்டலாம் என்றான். முன்பங்கு தொண்ணூறாயிரம்.

தொண்ணூறாயிரம் இன்பராஜிடம் ஒரே இடத்தில்தான் இருந்தது. பி.எஃப். அவர் டைம் ஆபீஸ் ஆதிகேசவனிடம் போனார். ஆதிகேசவன் இருபது வருடமாகக் கம்பெனியில் எல்லோருடைய வருகையையும் வராமையையும் எழுதி வருபவர். விண்ணப்பத்தைத் திறந்து காரணங்களை வரிசையாகப் படித்தார். வீடு கட்ட, கல்யாணம், படிப்பு, நோய், இயற்கைப் பேரிடர். சுற்றுலா இல்லை. இவ்வளவு முன்னேறிய நாட்டில் இப்படி ஒரு குறை இருப்பது இருவருக்குமே வருத்தமாக இருந்தது. வீட்டு நிலவரத்தை நினைத்து இயற்கைப் பேரிடர் என்று போடலாமா என்று இன்பராஜ் ஒரு கணம் யோசித்தார்.

"நோய்ன்னு போடுங்க சார். ஷிப்மென்ட் மாசம், லீவும் அதுக்குத்தான் குடுப்பாங்க. ரெண்டும் ஒண்ணாப் பூடும்" என்றார் ஆதிகேசவன்.

"இன்னா நோய்?"

"ஹார்ட்டுன்னு போடுங்க. ஹார்ட்டுன்னா யாரும் வெவரம் கேக்க மாட்டாங்க. மூலம்னு போட்டாத்தான் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவாங்க."

இவ்வாறாக, மே மாதம் இரண்டாவது வாரத்தில், முறையான விண்ணப்பத்தின் பேரில், இன்பராஜுக்கு இருதய நோய் வந்தது. ஆதிகேசவன் அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கம்பெனி முழுக்க அந்த நிபந்தனையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சுற்றுலா சிறப்பாக நடந்தது. முதல் நாளே தெருவோரக் கடையில் பெயர் தெரியாத கடல் ஜந்து ஒன்றை 'உலக அனுபவம்' கருதி இன்பராஜ் சாப்பிட்டார். அதன் பிறகு அவருக்கு வெளிநாடு என்பது பெரும்பாலும் வெளிக்குப் போவதாகவே கழிந்தது. ஜன்னல் இல்லாத அறையின் அருமை அப்போதுதான் தெரிந்தது. பார்க்க ஒன்றும் இல்லாததால் எதையும் தவறவிட்ட வருத்தம் இல்லை. கடைசி நாள் மட்டும் எழுந்து போய், நடுக்கடலில் ஒரு படகில், மனைவியையும் மகளையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் யாரும் பார்க்க முடியாதபடி நிஷா அம்மாவின் போனில் கவனமாகப் பூட்டு வைத்து அதை ஸ்டேட்டஸில் போட்டாள். ஹுமேரா உடனே இருதயச் சின்னம் ஒன்றை அனுப்பினாள். கிறிஸ்டினா அதை நாலு முறை திறந்து பார்த்தாள். கணவனின் நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் இன்பராஜுக்குச் செலவு அத்தனையும் நியாயம் என்றே பட்டது.

இதே நேரத்தில் ஆம்பூரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. க்ளோசிங் செக்ஷனில் பத்தொன்பது வருடமாக மெஷினில் இருக்கும் செண்பகம், இன்னும் நாலு பெண்களோடு, சாத்துக்குடிப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு சாரை நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்தாள். வீடு பூட்டியிருந்தது. பாக்குவிலிருந்து முந்தைய வாரமே திரும்பியிருந்த ஹுமேரா, அவர்கள் பாங்காக் போயிருப்பதாகச் சொன்னாள்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலூருக்கு வைத்தியம் பார்க்கக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் ஜனம் வருகிறது. பங்களாதேஷிலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட வேலூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதனைக் கடல் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால் நோய் எந்த நிலையில் இருக்க வேண்டும்? அதுவும் பெண்டாட்டி பிள்ளையோடு. செண்பகம் சாத்துக்குடிப் பையை ஹுமேராவிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். அடுத்த நாள் செக்ஷனில் மெஷின்கள் ஓடுவதற்கு முன் மாதாவுக்கு ஜெபம் நடந்தது. அடுத்த மெஷின் பில்கிஸ் துஆ கேட்டாள். செண்பகம் தன் ஊர் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். எந்த மாநாட்டாலும் சாதிக்க முடியாத மத நல்லிணக்கத்தை ஒரு டூர் பேக்கேஜ் சாதித்தது.

திங்கட்கிழமை இன்பராஜ் வேலைக்குத் திரும்பினார். ஐந்து கிலோ இளைத்திருந்தார். கடல் வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, நடை தளர்ந்திருந்தது. சந்தேகப்பட நினைத்திருந்த ஓரிருவரும் மனம் மாறிவிட்டார்கள். மேனேஜர் நசீர் அகமது தன் அறையிலிருந்து சாய்வு நாற்காலி ஒன்றை அனுப்பினார். நின்றுகொண்டே வேலை பார்க்கும் செக்ஷனில் இன்பராஜ் ஒருவர் மட்டும் சாய்ந்து கிடந்தார். பதினோரு மணிக்குக் கஞ்சி வந்தது. அவர் குரலை உயர்த்த நேர்ந்துவிடக் கூடாதே என்று அன்று ஒரு ஜோடிகூடத் தவறாகத் தைக்கப்படவில்லை.

இரண்டு நாள் அவர் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கஞ்சியோடு வந்த பில்கிஸ், அவர் தானாக டம்ளரைத் தூக்கியதைப் பார்த்துக் கண் கலங்கினாள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. செண்பகத்தைக் கூப்பிட்டார்.

"செண்பகம், எனக்கு ஒண்ணும் இல்ல. ஹார்ட்டெல்லாம் நல்லாத்தான் கீது. நாங்க டூர் போனோம்."

செண்பகம் அவரையே பார்த்தாள். "டாக்டரு அப்படிச் சொல்லச் சொன்னாரா சார்?"

"யாரும் சொல்லல. நெஜமாவே டூர்."

"எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான் சார், ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னுகினே இருந்தாரு" என்றாள் செண்பகம். அவள் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது.

இன்பராஜ் கடைசி ஆதாரமாகப் போனை எடுத்துப் படகுப் படத்தைக் காட்டினார். செண்பகம் வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். போன் வரிசை முழுக்கக் கைமாறிப் போயிற்று. ஒட்டிய கன்னத்தோடு, மனைவியையும் மகளையும் விடாமல் அணைத்தபடி, கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். போகிற காலத்தில் பெண்டாட்டி பிள்ளைக்குக் கடலைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். போன் திரும்பி வரும்போது திரை ஈரமாக இருந்தது.

இன்பராஜுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பொறுப்பு என்ற ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டாவதைக் கண்டு முதலாவது இன்னும் கொஞ்சம் கூடியது.

அப்போதுதான் செண்பகம் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். குடுக்கலாமா வேணாமான்னு யோசித்துக்கொண்டிருந்ததாகவும், படத்தைப் பார்த்த பிறகு யோசனை போய்விட்டதாகவும் சொன்னாள். பதிமூன்றாயிரத்து எண்ணூறு ரூபாய். அவர் வேண்டாம் என்று தள்ளினார். அவள் திரும்ப வைத்தாள். மாதக் கடைசியில் இவ்வளவு பணம் இவர்களுக்கு ஏது என்று கேட்டார்.

"பஸ்ஸுக்குச் சேத்தது சார். நாப்பத்தாறு பேரு, ஆளுக்கு முந்நூறு. வர்ற ஞாயித்துக்கெழம ஏலகிரி போலாம்னு இருந்தோம், புள்ளைங்கள இட்டுகினு. போட்ல போவணும்னு அதுங்களுக்கு ஆசை." செண்பகம் உறையை அவர் கைக்குள் வைத்து விரல்களை மடக்கினாள். "ஏலகிரி எங்க சார் போவுது? அடுத்த வருசம் போய்க்கிறோம்."

அவர் கையை விரிக்கவில்லை. விரித்திருக்கலாம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கிறிஸ்டினாவிடம் உறுதியாகச் சொன்னார். கட்டாயம் கொடுத்துவிட வேண்டும் என்று கிறிஸ்டினாவும் உறுதியாகச் சொன்னாள். ஆனால் ஐந்தாம் தேதி தவணை இருந்தது. தொகையைப் பார்த்தால் சரியாக இரண்டு தவணை. எனவே 'தற்காலிகமாக' என்ற ஒரு சொல்லை நடுவில் போட்டு, அந்தப் பணத்தை இருவரும் காஷிஃபிடம் கட்டினார்கள்.

நிஷாவின் சார்ட் முன்வாசல் சுவரில், சரியாகப் பார்வை மட்டத்தில் ஒட்டப்பட்டது. அதைப் பார்க்கக் கிறிஸ்டினா புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். நிஷாவுக்குச் சான்றிதழும் கிடைத்தது. 'குடும்பத்தின் சொந்த முயற்சியில் உலகை அறிந்த மாணவி' என்று அதில் தங்க எழுத்தில் இருந்தது.

ஏலகிரிக்குக் குறித்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்டுக்காக ஓவர்டைம் போட்டார்கள். போவதற்கு வேறு இடம் இல்லாததால் நாற்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள். பயணத்துக்கென்று புளி காய்ச்சி வைத்துவிட்டதால் புளிசாதமும் வந்திருந்தது. மத்தியானம் மெஷின் வரிசைகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்பராஜுக்கு மட்டும் தனி டப்பா. இருதயத்துக்கு ஆகாது என்று எண்ணெய் கம்மியாகப் போட்டுச் செண்பகம் தனியாகக் கிளறியிருந்தாள். அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு ஓவர்டைம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

அந்த மே மாதம் ஆம்பூரிலிருந்து பாங்காக் போய் வந்த அந்தக் குடும்பத்தில் மொத்தம் மூன்று பேர் என்று விமான நிலையக் கணக்கு சொல்லும். செலவு செய்து அனுப்பிவைத்தவர்கள் நாற்பத்தாறு பேர். அவர்களில் ஒருத்தியிடமும் பாஸ்போர்ட் இல்லை.