என் மாமரத்துக்கு நான் கொடுத்த கடைசி எச்சரிக்கை

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்க வீட்டு மாமரத்தை மிரட்டணும்.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

மலேசியாவுல, கிள்ளான்ல நாங்க இருக்கிறது வரிசையா ஒட்டிக் கட்டின ஒரு சின்ன தெரஸ் வீடு. கேட்டைத் திறந்தா இடது பக்கம் கார், வலது பக்கம் கொஞ்சம் மண்ணு. அந்த மண்ணுலதான் என் மாமரம். வீட்டுக்குக் குடி வந்த வாரமே நர்சரியில வாங்கி, கார்ல மடியில வச்சுக் கொண்டு வந்தேன். ஆறு வருஷம் ஆச்சு. மரம் கூரையைத் தாண்டிடுச்சு. காய்? ஒண்ணு கூட இல்ல. பூ? அதுவும் இல்ல! இலை மட்டும் தினமும் ஒரு வாளி கொட்டும்.

ஆனா நான் நட்டதுல பொழைச்சுக் கிடக்கிறது அது ஒண்ணுதான். கற்பூரவல்லியையே சாகடிச்ச கை என் கை. அதனால அந்த மரத்து மேல எனக்கு உசுரு.

என் வீட்டுக்காரர் சேகருக்கு ரெண்டாவது கார் மேல உசுரு. அது ரோட்டுல வெயில்ல நிக்குதுன்னு ராத்திரி பகலா கவலை. போன டிசம்பர் மழையில ஒருநாள் ஜன்னல் வழியா மரத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு.

"தைப்பூசத்துக்குள்ள பூத்துச்சுன்னா மரம். பூக்கலேன்னா வெட்டிட்டு, கார் நிறுத்த சிமெண்ட். காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. நேரா சுவர் பக்கம் போயி பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாகிட்ட புலம்பினேன். மக்சிக்னுதான் கூப்பிடுவேன், நம்ம அத்தைங்கிற மாதிரி. மக்சிக் ரொஹானா வீட்டுலயும் ஒரு மாமரம் இருக்கு. எங்க சுவத்தை ஒட்டி நிக்கும். வருஷத்துக்கு நாலு காய், அஞ்சு காய் கொடுக்கும். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

மக்சிக் மலாய்ல சொன்னதைத் தமிழ்ல சொல்றேன், கடைசியில வர்ற 'லா' மட்டும் அவங்களோடது. "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேலா. மரத்தை மிரட்டணும்!"

அதுக்கு ஒரு முறை இருக்காம். ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் பாராங் கத்தியை ஓங்கிக்கிட்டு, "காய்ப்பியா மாட்டியா? காய்க்கலேன்னா வெட்டுவேன்!"னு கேக்கணும். இன்னொருத்தர் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, மரம் பேசுற மாதிரி, "வெட்டாதே, காய்க்கிறேன்!"னு சொல்லணும். மூணு தடவை. மரம் பயந்துபோயி பூத்துடுமாம்.

"பின்னாடி நீங்க ஒளிஞ்சுக்கிறீங்களா மக்சிக்?"

"எனக்கு முட்டி வலி. குந்தினா எழுந்திருக்க முடியாது."

சேகர்கிட்ட கேட்டேன். "எனக்கு மீட்டிங் இருக்கு"ன்னாரு.

"நான் இன்னும் என்னைக்குன்னே சொல்லலையே?"

"என்னைக்குன்னாலும் இருக்கு."

சரி, நமக்கு நாமே துணை. மழை விட்டு வெயில் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டேன். காரணம், குடும்ப விஷயம். பொய் இல்லையே!

சேகர் சுபாங் ஜெயாவுக்கு வேலைக்குக் கிளம்பினதும் பாராங்கை எடுத்துக்கிட்டு மரத்துக்கு முன்னாடி போயி நின்னேன். மக்சிக் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. மேற்பார்வையாம்.

முதல் தடவை மலாய்ல. அப்பதான் நான் சரியா சொல்றேனான்னு அவங்களுக்குத் தெரியும்.

"நாக் பெர்புவா தக்?"னு கேட்டேன். காய்ப்பியா மாட்டியா?

"சத்தமே வரல. பூனையையா விரட்டுற?"

அடிவயித்துல இருந்து கத்தினேன். சுவத்துல இருந்த காக்கா பறந்துச்சு. அப்புறம் ஒரே ஓட்டமா மரத்துக்குப் பின்னாடி போயி குந்தி, கீச்சுக் குரல்ல கெஞ்சினேன்.

"ம், பரவால்ல. மிச்சத்தை நீயே பார்த்துக்கோ. அடுப்புல கறி இருக்கு"ன்னு மக்சிக் உள்ள போயிட்டாங்க.

ரெண்டாவது தடவை தமிழ்ல. இப்பதான் சூடு பிடிச்சுது. ஆறு வருஷக் கோபம் இல்லையா!

"உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்? சாணி போட்டேன், மீன் கழுவின தண்ணி ஊத்தினேன்! இன்னைக்கு உன்னை வெட்டிப் போடுறேன் பாரு!"

ஓட்டம். குந்தல். "ஐயோ, வெட்டாதே! கையெடுத்துக் கும்புடுறேன்!"

மறுபடி முன்னாடி ஓட்டம். "இதையேதானே வருஷா வருஷம் சொல்ற?" மரத்துல பாராங்கால ஒரு தட்டு.

பின்னாடி ஓட்டம். "இந்த ஒரு தடவை விட்டுடு!"

உண்மையாவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவ்வளவு நல்லா நடிச்சேன்.

மூணாவது தடவைக்கு மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும்போது போன் அடிச்சுது. சேகர்.

"மாலா... நிதானமா இரு. முதல்ல கத்தியைக் கீழ வை."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லையே."

"அப்போ யாரு அழுவுறது?"

"நான்தான்."

"மிரட்டுறது?"

"அதுவும் நான்தான்."



"கேட்டுக்கு வெளிய பாரு"ன்னாரு.

பார்த்தேன். காண்ட்ராக்டர் கணேசன் அங்கிள்! இடத்தை அளக்க வந்தவரு, கேட்டோரமா நின்னு சத்தத்தை மட்டும் கேட்டுட்டு, லோரிக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டு சேகருக்குப் போன் போட்டிருக்காரு. "உங்க மிசிஸ் யாரையோ வெட்டப் போறாங்க தம்பி, அந்தப் பொண்ணு கெஞ்சுது!"ன்னு.

மானம் போச்சு. ஓடிப்போயி விளக்கம் சொல்லலாம்னு கேட்டைத் திறந்தேன்.

"அங்கிள், வாங்க! உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போங்க!"

கையில பாராங் இன்னும் இருக்குங்கிறதை மறந்துட்டேன்.

அங்கிள் டீ குடிக்கல. அறுபது வயசு ஆளு அவ்வளவு வேகமா லோரியில ஏறி நான் பார்த்ததே இல்ல. அளக்கிற டேப் ரோட்டுலயே கிடந்துச்சு.

அதுக்கப்புறம் சேகர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாரு. "அண்ணே, அவ மரத்தோடதான் பேசினா!"

"அது இன்னும் மோசம் தம்பி. பேசுற மரத்துல நான் கை வைக்க மாட்டேன்."

வேற ரெண்டு காண்ட்ராக்டரையும் கூப்பிட்டுப் பார்த்தாரு. கணேசன் அங்கிள் ஊரு பூரா சொல்லி முடிச்சிட்டாரு போல. "அந்த பாராங் அக்கா வீடா பாஸ்? ஆளை விடுங்க!"

தைப்பூசம் வந்துச்சு, போச்சு. என் மரத்துல ஒரு பூ இல்ல. ஆனா வெட்டவும் ஆள் இல்ல! கார் இன்னும் ரோட்டுலதான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம், வெளிய மட்டும் முகத்தைப் பாவமா வச்சுக்கிட்டேன்.

சில மாசம் கழிச்சு மக்சிக் சுவத்துக்கு மேல ஒரு பெரிய பையை நீட்டினாங்க. பை நிறைய மாம்பழம்!

"என் மரம் இவ்வளவு காய்ச்சதே இல்லலா. நீ மலாய்ல கத்தினே பாரு, அதுக்குப் புரிஞ்சு பயந்துடுச்சு. அடுத்த வருஷமும் வந்து கத்து, சரியா?"

பையை வாங்கிக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் மரம் எதுவுமே நடக்காத மாதிரி இலையைக் கொட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுக்குக் கீழ சேகரும் அதே மாதிரிதான் நின்னுக்கிட்டு இருந்தாரு, கூட்டச் சொல்லி நான் காலையில கொடுத்த விளக்குமாறைக் கையில வச்சுக்கிட்டு.

எந்த மொழியில கத்தினாலும் காதுல வாங்காத ஆளோட பதினோரு வருஷமா குடும்பம் நடத்துறேன், ஒரு மரத்தையா வெட்டப் போறேன்?