மீனில்லாத தொட்டிக்குத் தீனி

அன்புள்ள மச்சானுக்கு உன் அத்தான் எழுதுவது. நான் நலம், உன் அக்கா நலம், தையல் மெஷினும் எண்ணெய் குடித்து நலமாக ஓடுகிறது. உன்னுடைய இரண்டு ஏஞ்சல் மீன்களின் நலத்துக்கு உடனே பதில் போடவும். உன் நலத்தை மெதுவாக எழுதினால் போதும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது கை கால் வைத்துச் சொல்வார்கள். தினமும் காலையில் நம் தையல் கடையைத் திறந்ததும், ஒரு மீன்கூட இல்லாத கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்று நான் மீன் தீனி போடுகிறேன். போட்டுவிட்டு "சாப்பிடுங்க" என்றும் சொல்கிறேன். எதிர் டீக்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து என்னிடம் சத்தமாகப் பேசுவதில்லை, கிளாசைக்கூட மேஜையில் மெதுவாக வைக்கிறார்.

போனில் சொல்லலாம்தான். போனில் நீ பாதியிலேயே "அத்தான், நான் சொன்னதைக் கேட்டீங்களா இல்லையா" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்துக்குள் உன்னால் வாயைத் திறக்க முடியாது. எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே, பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே இருந்ததைவிட வெளியே முட்டிபோட்டதுதான் அதிகம்.

வேலை மாறி நீ தூரமாகப் போகிறாய், புது வீட்டுக்காரர் மீன் தொட்டி வைக்கக்கூடாது என்கிறார், அதனால் மீன்களை என்னிடம் விடலாமா அல்லது கலர்மீன் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாய். என் தொட்டித் தண்ணீர் மீன் தாங்குகிற அளவுக்குப் பழகியிருந்தால் எனக்கு, இல்லையென்றால் கடைக்கு. இதுதானே பேச்சு? உன் அக்காவுக்கு மீன் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் மீன் இங்கே இருந்தால் அதைப் பார்க்கிற சாக்கிலாவது தம்பி வருவான் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். என்னைப் பார்க்க நீ வரமாட்டாய் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆகவே இது மீன் விஷயம் இல்லை மச்சான், குடும்ப விஷயம், அதனால் முழு மூச்சாக இறங்கிவிட்டேன்.

நீ சொன்ன மாதிரியே அடியில் மண் போட்டு, மேலே கல் அடுக்கி, செடிகளை ஒவ்வொன்றாக ஊன்றினேன். நான் பட்டன் தைத்த கைக்காரன், செடி ஊன்றுவது ஒரு வேலையா என்று நினைத்தேன். ஊன்றிவிட்டுக் கையை எடுத்தால் செடியும் கையோடு வருகிறது. ஒருவழியாக எல்லாவற்றையும் நட்டு முடித்து, நிமிர்ந்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மொத்தத் தோட்டமும் மேலே மிதக்கிறது. மறுபடி நட்டேன். பிறகு இலைகள் எல்லாம் கரைந்து கூழாகிவிட்டன, தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது, கண்ணாடியில் பழுப்பாகத் தூசி படிந்தது, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு நத்தை வந்து, வாடகைக்கு வந்தது போலக் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டது. உன் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "செடிக்கே இந்தக் கதின்னா மீனுக்கு என்ன கதியோ" என்றாள். எல்லாம் இப்படித்தான் ஆகும், இப்படி ஆனால்தான் சரி என்று தைரியமாகச் சொன்னேன். நீ அப்படிச் சொன்னதாக எனக்கு ஒரு ஞாபகம்.

ஏன் வெறும் தண்ணீருக்குத் தீனி என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நானும் சளைக்காமல் பாடம் நடத்துகிறேன். தீனி அழுகினால் விஷம் ஆகும், அதைத் தின்ன ஒரு வகைக் கிருமி வரும், அது தின்றுவிட்டு இன்னொரு விஷத்தைப் போடும், அதைத் தின்ன அடுத்த வகைக் கிருமி வரும், அது போடுவது மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, செடிக்கும் உரம். ஒருத்தர் வெட்டிப்போட்ட துணியை அடுத்தவர் பெருக்குகிற மாதிரி. இந்த ஆட்கள் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முதலாளி, அதாவது மீன், உள்ளே வரலாம். இவ்வளவையும் கேட்டுவிட்டு, பேண்ட் இடுப்பை மூன்றாவது தடவையாக லூஸ் பண்ண வந்த கணக்கு வாத்தியார், "அதெல்லாம் சரி, மீன் எங்கே?" என்றார். எனக்கு அலுத்துவிட்டது. "கல்லுக்குப் பின்னால தூங்குது சார், சத்தம் போடாதீங்க" என்றேன். மனிதர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், "ஆமா, வால் தெரியுது" என்றார். அடுத்த முறை பேரனையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

நீ உன் பழைய தொட்டியின் ஃபில்டரில் இருந்து ஒரு ஸ்பாஞ்சைப் பையில் கட்டி அனுப்பினாயே, நல்ல கிருமி எல்லாம் அதில்தான் குடியிருக்கிறது, காயவே கூடாது, புது ஃபில்டரில் உடனே வை என்று. பார்சல் வந்தபோது நான் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டிங் மேஜையில் பிரித்து வைத்துவிட்டுத் திரும்பினால் ஸ்பாஞ்சைக் காணோம். மேஜைக்கு அடியில் தேடினேன், குப்பைக் கூடையில் தேடினேன், உன் அக்காவைச் சந்தேகப்பட்டேன், அதற்குரிய மரியாதையும் கிடைத்தது. அப்போது போட்டோ ஸ்டுடியோக்காரர் கோட் ட்ரையல் பார்க்க வந்தார். கண்ணாடி முன்னால் நின்று, இடது பக்கம் திரும்பி, வலது பக்கம் திரும்பி, "ஃபிட்டிங் பிரமாதம். இடது தோள்ல இருந்து மட்டும் தண்ணி சொட்டுதே" என்றார். நம் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண்ணைப் பார்த்தேன். அவர் ஊசியை விட்டு நிமிராமல், "தோளுக்கு வைக்கிற பஞ்சு ஒண்ணு குறைஞ்சது. மேஜையில ஒண்ணு கிடந்தது" என்றார்.

தையலைப் பிரித்து, ஸ்பாஞ்சை மீட்டு, ஓடிப்போய் ஃபில்டரில் வைத்தேன். நல்லவேளையாக ஈரம் காயவில்லை. ஸ்டுடியோக்காரரிடம், இது வெளிநாட்டு முறை, தோள் சூடாகாமல் இருக்கும் என்றேன். அப்படியானால் வலது தோளுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, நீ கொடுத்த சொட்டு மருந்தை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பச்சை வந்தால் விஷம், மஞ்சள் வந்தால் சரி என்றாய். எனக்கா கலர் தெரியாது? குழாயை வாசல் வெளிச்சத்தில் பிடித்து நூல்கண்டோடு ஒட்டிப் பார்த்தேன், பச்சை நாளாக நாளாக வெளுத்து மஞ்சளாயிற்று. இரண்டாவது விஷத்தைப் பார்க்கிற குழாயும் ஊதாவிலிருந்து வானநீலத்துக்கு இறங்கிவிட்டது. நேற்று தீனி போட்டு, இன்று பார்த்தேன், மஞ்சள், நீலம், அசையவில்லை. செடியில் புது இலை விட்டிருக்கிறது. தண்ணீர் பழகிவிட்டது மச்சான், என்னைவிட நன்றாகப் பழகுகிறது. கலர்மீன் கடைக்காரரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன்களோடு வந்து சேர், இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. அக்காவிடம் இப்போதுதான் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்து, அதையே இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போகிற இடத்தில் உனக்கு நல்ல முதலாளியும் நல்ல தண்ணீரும் அமையட்டும். தொப்பை இறங்கட்டும், முடி இருக்கிறது இருக்கிறபடி நிற்கட்டும். உன் மனைவிக்கு எங்கள் அன்பு, மீன்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் நேராகத் தைக்கும் உன் அத்தான்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கப் போயிருந்தேன். எழுதிய தாளை வீணாக்க மனமில்லாததால் மேலே உள்ளதையும் சேர்த்தே அனுப்புகிறேன். தம்பி வரும்போது தொட்டி அழுக்காக இருக்கக்கூடாது என்று உன் அக்கா பழைய தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு, கண்ணாடி, கல், ஸ்பாஞ்சு, ஃபில்டர் எல்லாவற்றையும் பாத்திரம் விளக்குகிற சோப்புப் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை அலசி, புதுக் குழாய்த் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறாள். தொட்டி பளபளவென்று இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்த ஆட்களில் ஒருவரும் மிச்சமில்லை. நீ மட்டும் வா, மீன் இப்போதைக்கு வேண்டாம். செடிகளைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறாள். வெயில் நன்றாக அடிக்கிறது.