ஒரு துளிக் கடலில் ஐந்தாவது ஜந்து

"என்னங்க, எனக்குப் பதிலா நீங்க பார்த்துச் சொல்லுங்க. குனிஞ்சாலே குடலைப் புரட்டுது."

பாய்மரக் கப்பலின் கீழறையில், மைக்ரோஸ்கோப்புக்கு எதிரே வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் உயிரியல் டீச்சர். பள்ளி ஆசிரியர்களுக்கான கடல்வாழ் உயிரினப் பயிற்சியில் அன்றுதான் கடைசி நாள். ஒரு துளிக் கடல்நீரில் ஐந்து உயிர்களைப் பார்த்து வரைந்து கொடுத்தால் சான்றிதழ். சான்றிதழ் கிடைத்தால் தலைமை ஆசிரியை. இல்லாவிட்டால் அந்த நாற்காலி கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். அவர் ஏற்கெனவே அதில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டதாகக் கேள்வி.

துணைக்கு வந்த கணவர் தையல்காரர். "ஊசியில நூல் கோக்குற கண்ணு டீச்சர் இது! கவலையை விடு" என்று ஒற்றைக் கண்ணை வைத்தார்.

"பொத்தான் மாதிரி ஒண்ணு. இது ஜிப்பு. இங்க பாரு, கொக்கி! அதுக்குப் பக்கத்துல கிழிஞ்ச காலர்."

டீச்சர் வாளிக்கும் நோட்டுக்கும் நடுவே நாலுக்கும் பெயர் எழுதிவிட்டாள். இருபது வருஷம் பாடம் நடத்தியது வீண்போகவில்லை. ஐந்தாவதுதான் வருவேனா என்றது.

"ஆகா, சிக்கிடுச்சு! கறுப்பா, வளைஞ்சு வளைஞ்சு, வரிசையா நிக்குது. அசையுது!"

"காலா, மீசையா?"

"மீசைன்னே வச்சுக்கோயேன்."

புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. மணி அடித்துவிட்டது. அவர் கைகாட்டியபடி வரைந்து கொடுத்தாள். அவரே மேல்தளத்துக்குப் போய், பயிற்சி நடத்தும் புரொபசரிடம் தாளை நீட்டிவிட்டு வந்தார்.

"ஒரு அதிசயம் சொல்லவா? நான் கண்ணைச் சிமிட்டினா அதுவும் சிமிட்டுது!"

டீச்சர் மறுபடி வாளியைக் கட்டிப்பிடித்தாள். இந்தத் தடவை கடல் காரணமில்லை.

"அடப்பாவி மனுஷா! அது உங்க கண்ணிமை முடி! ஓடிப்போய் வாங்கிட்டு வாங்க!"

ஓடினார். வெறுங்கையோடு திரும்பினார்.

"அவரு மீசை எத்தனைன்னு கேட்டாரு. வாய் சும்மா இருக்கல. பதினெட்டுன்னுட்டேன்."

"ஐயையோ!"

"கொஞ்சம் கூச்ச சுபாவம்னும் சொல்லிட்டேன். எல்லாரையும் மேல கூப்பிடுறாரு."

டீச்சர் வாளியோடு படியேறினாள். மானம் கப்பலேறும் என்பார்கள். அவளுடையது கப்பலிலேயே காத்திருந்தது.

புரொபசர் அவள் தாளை உயர்த்திப் பிடித்தார். "புத்தகத்தைப் பார்த்து எழுதாம, கண்ணால பார்த்து வரைஞ்சது இந்த அம்மா ஒருத்தர்தான். நூத்துக்கு நூறு!"

கைதட்டலில் பாய்கூடப் படபடத்தது. தையல்காரர் தனக்கே மாலை விழுந்ததுபோல நின்றார். பூரித்த அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனசு உறுத்தியது. பொய்யை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் எப்படி நிற்பது?

வெந்நீர் கொண்டுவந்த கப்பல் சமையல்காரரிடம் மெல்லச் சொன்னாள்: "அண்ணே, அது ஜந்துவே இல்ல, கண்ணிமை முடி. சான்றிதழ் போனாலும் போகட்டும், புரொபசர்கிட்ட சொல்லிடப் போறேன்."

சமையல்காரர் பதறிப்போய் வழியை மறித்தார்.

"சொல்லிடாதீங்கம்மா! அவருக்கு டாக்டர் பட்டம் குடுத்ததே அந்த ஜந்துவைக் கண்டுபிடிச்சதுக்குத்தான்!"