பதினெட்டரை இஞ்சு

ஒரு மனிதனின் மானத்தை வாங்கியே தீருவது என்று தையல்கார மாஸ்டர் முடிவு செய்தார். அந்த மனிதன் ஒரு நடிகன். மாஸ்டர் அவனை நேரில் பார்த்ததில்லை. இப்படி ஒரு மாஸ்டர் உலகத்தில் இருப்பது அவனுக்கும் தெரியாது. ஆனாலும் இருவருக்கும் முப்பது வருஷப் பகை. அதில் ஒரு ஆள்தான் கலந்துகொண்டார், அவ்வளவுதான்.

பகைக்குக் காரணம் படுக்கையறை பீரோ. அதன் கதவின் உள்பக்கம், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம் ஒன்று. அகலக் கை வைத்த வெள்ளைச் சட்டை. கையில் வாள். கப்பல் விளிம்பில் ஒரு கால். தேவைக்கு மேல் பற்கள். காலையில் சட்டை எடுக்க மாஸ்டர் பீரோவைத் திறந்தால் முதலில் அவன்தான் நிற்பான். சொந்தச் சட்டையை எடுக்க ஒரு கொள்ளைக்காரனிடம் உத்தரவு கேட்பதுபோல் இருக்கும் அவருக்கு.

மாஸ்டரின் மனைவி அவனைப் பெயர் சொல்லிப் பேசமாட்டாள். 'அவர்' என்பாள். மாஸ்டர் 'இவர்'.

"அவர் கயித்தைப் பிடிச்சு ஒரு தாவு தாவினார்னா அந்தக் கப்பல்லேர்ந்து இந்தக் கப்பல். இவர் பஸ் ஏறவே பின்னாலேர்ந்து ரெண்டு பேர் தள்ளணும்."

கல்யாணமான புதிதில் மாஸ்டரும் முயற்சி செய்து பார்த்தார். இரும்பு ஸ்கேலை வாளாகப் பிடித்துக்கொண்டு கட்டிங் மேசையிலிருந்து ஒரு தாவு. மேசையும் கூடவே தாவியது. மூன்று வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

பொறாமை ஒரு விசித்திரமான உடுப்பு. யாரும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதில்லை. ஆனால் போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். மாஸ்டர் அதை முப்பது வருஷமாகக் கழற்றவில்லை. 'ஒரு காகிதத்தைப் பார்த்தா வயிறெரியறேன்? நான் என்ன மனுஷன்?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வார். பதில் வருவதற்குள் அடுத்த நாள் காலை வந்துவிடும். பீரோவைத் திறக்கவேண்டியிருக்கும்.

அவருக்கு ஆறுதல் ஒன்றே ஒன்றுதான். அவர் கல்யாணம் கேட்ட கதை. அப்போது இருவரும் வேறொருவர் தையல் கடையில் வேலை பார்த்தார்கள். அவருடைய கட்டிங் மேசை ஜன்னலைப் பார்த்திருக்கும். அவள் பொத்தான் துளைக்குக் காஜா போடுகிற ஸ்டூல் அவருக்குப் பின்னால். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள் துணியை வெட்டிக்கொண்டே, திரும்பாமல், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். "சரி" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

இந்தக் கதையை அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். "திரும்பிக்கூடப் பாக்கல சார். கையில கத்தரி நிக்கல. அவ ஒரு நொடி யோசிக்கல. அப்படி ஒரு இது நம்மகிட்ட இருந்திருக்கு, என்னன்னு எனக்கே தெரியல." இப்போது அவர்களுக்கே சொந்தக் கடை. மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

ஒரு வியாழக்கிழமை கடைக்குச் சகலை வந்தார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர். பழைய படங்களைச் சேர்ப்பதுதான் அவர் தொழில். சம்பளம் வருகிற வேலை வேறொன்று இருந்தது. அது என்ன என்று யாருக்கும் ஞாபகமில்லை.

"அண்ணே, படம் வந்துடுச்சு!"

"எந்தப் படம்?"

"அக்கா படம். கொள்ளைக்காரன் படம். டிஸ்க்கா வந்திருக்கு. ஒரிஜினல் நெகட்டிவைத் தேடிப் பிடிச்சு, பிரேம் பிரேமாத் தொடச்சு, புதுசு மாதிரி ஆக்கியிருக்கான்."

"அவன் மூஞ்சியைக் கழுவ இத்தனை ஆளா?"

"கேலி பண்ணாதீங்க. உங்க வீட்டுப் பழைய கேசட்ல அந்த மாடிப்படிச் சண்டை மழையில நடக்கும்ல?"

"ஆமா. சொட்டச் சொட்ட நனைவான்."

"மழையே இல்லண்ணே. கீறல். பிரின்ட் தேஞ்சு விழுந்த கோடு. சண்டை நடக்கிறது மாளிகைக்குள்ள. உள்ள எப்படி மழை பெய்யும்?"

மாஸ்டர் இதை யோசித்ததேயில்லை. அவ்வளவு பெரிய மாளிகை கட்டியவன் கூரையைச் சரியாகப் போடவில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

"இப்ப அவ்வளவு தெளிவு," என்றார் சகலை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "சட்டையில தையலை எண்ணலாம்."

கத்தரி நின்றது.

தையலை எண்ண முடிந்தால் சட்டையை அளக்கலாம். சட்டையை அளந்தால் உள்ளே இருக்கிறவனைப் பிடிக்கலாம். மாஸ்டருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். கிட்டத்தில் காட்டும்போது அவன் கை பஞ்சு மாதிரி இருக்கும். அந்தக் கையா ஒரே நேரத்தில் ஐந்து பேரைப் படியிலிருந்து உருட்டுகிறது?

"சகலை, வாங்கிட்டு வாங்க."

"ப்ளேயர் வேணுமே."

"அதையும் வாங்குங்க."

"உங்க டிவி சின்னதாச்சே. தையல் தெரியாது."

"பெரிசா வாங்குங்க."

பழைய கேசட் ப்ளேயர் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மாஸ்டர் துக்கம் விசாரிக்கவில்லை. புதிதாக ஒன்று வேண்டும் என்று மனைவி கேட்டபோதெல்லாம் கண் கெட்டுவிடும், கரண்ட் போய்விடும், சுவரில் இடமில்லை என்று தள்ளிப்போட்டவர். இப்போது அதே சுவரில், கதவளவு ஒரு டிவி வந்து உட்கார்ந்தது.

"எதுக்குங்க இவ்வளவு பெரிசு? வேண்டாமே," என்றாள் மனைவி. ஒரே ஒரு தடவை. அதுவும் தணிந்த குரலில். மாஸ்டர் அப்போதே சுதாரித்திருக்கவேண்டும்.

"அந்தச் சண்டை உன் அவர் போடலை. டூப் போட்டது. அதை நான் நிரூபிச்சுக் காட்டினா?"

"காட்டுங்க."

"பீரோவுலேர்ந்து அவன் படம் இறங்கணும்."

"இறக்கிடறேன்."

"அந்த இடத்துல என் படம்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி," என்றாள். அன்றைக்குச் சொன்ன அதே 'சரி'. அதே வேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் படம் ஆரம்பித்தது. சகலை நடுவில் உட்கார்ந்தார். மாஸ்டர் கழுத்தில் டேப், காதில் பென்சில், பக்கத்தில் ஸ்டூல், மடியில் நோட்டு. கடல் நீலமாக இருந்தது. கேசட்டில் அது கஞ்சி நிறத்தில் இருக்கும். கொள்ளைக்காரர்களுக்கு முகங்கள் இருந்தன. ஒருவனுக்கு மரு கூட இருந்தது. கதாநாயகன் கயிற்றில் தொங்கி வந்து இறங்கியபோது, மனைவி கையிலிருந்த தம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. மாஸ்டர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மாடிப்படி வந்தது. மழை இல்லை. மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும்.

"நிறுத்துங்க!"

சகலை நிறுத்தினார். மாஸ்டர் ஸ்டூலில் ஏறி டிவியின்மேல் டேப்பை வைத்தார்.

"பாரு. இது முன்பக்கம். உன் அவர். ஷோல்டர் தையல் எங்க நிக்குது? எலும்பைத் தாண்டி அரை இஞ்சு வெளியில. உள்ள பஞ்சு வச்சிருக்கான். கஃப்ல நாலு பொத்தான். சரியா? சகலை, ஓட்டுங்க. போதும், நிறுத்துங்க! இப்ப முதுகு. பஞ்சு இல்ல. தையல் தோள் எலும்புல கச்சிதமா உக்காந்திருக்கு. கஃப்ல மூணு பொத்தான். சண்டைக்கு நடுவுல ஒருத்தன் போய்ப் பொத்தான் பிச்சுட்டு, தோளையும் மாத்திட்டு வருவானா? இது வேற ஆள். டூப்பு!"

ஸ்டூலிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றார். வாள் ஒன்றுதான் இல்லை.

"தெரியும்," என்றாள் மனைவி.

"என்ன தெரியும்?"

"டூப்புன்னு."

"எப்பலேர்ந்து?"

"பதினாலு வயசுலேர்ந்து. காஜா போடறவ நான். பொத்தானை எண்ணத் தெரியாதா எனக்கு?"

மாஸ்டர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "அப்புறம் எதுக்கு அவன் படத்தை ஒட்டி வச்சே?"

"டூப்போட படத்தை எந்தப் பத்திரிகையில போடறான்? சரி, அதே சட்டைதானேன்னு இதை ஒட்டிக்கிட்டேன். பாக்கறது இந்த நடிகரை. நெனைக்கிறது அந்த டூப்பை."

முப்பது வருஷப் பொறாமை தப்பான விலாசத்துக்குப் போயிருக்கிறது. மாஸ்டர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். இனி அத்தனையையும் திருப்பி வாங்கி, புது ஆளுக்கு அனுப்பவேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்கூட இல்லை.

"ஆள் எப்படி இருப்பான்? முகம்?"

"யாரு கண்டா? படம் முழுக்க ஒரு இடத்துலயும் முகம் தெரியாது. முதுகு மட்டுந்தான்." அவள் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "கேசட்ல அதுவும் கோடு கோடாத் தெரியும். இப்ப எவ்வளவு தெளிவு! நீங்க சொன்னது சரிதான் தம்பி."

"நான் எங்கக்கா சொன்னேன்? நீங்கதானே 'தையலை எண்ணலாம்னு ஒரு வார்த்தை போட்டு வைங்க, அவரே டிவி வாங்கிடுவார்'னு…"

சகலை பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனிக்க ஆரம்பித்தார்.

மாஸ்டரின் கண் திரையில் நின்ற முதுகின்மேல் இருந்தது. என்ன கோபம் வந்தாலும் தொழில் தொழில்தான். மறுபடி ஸ்டூலில் ஏறினார். கஃப் பொத்தானை அரை இஞ்சு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஷோல்டர் பதினெட்டரை. வலது தோள் இடதைவிடக் கால் இஞ்சு இறக்கம். வாள் பிடித்துப் பிடித்து இறங்கின தோள். நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்தார். இந்த அளவை எங்கேயோ எழுதியிருக்கிறோமே?

ஷோல்டர் பதினெட்டரை. வலது கால் இஞ்சு இறக்கம். முப்பது வருஷமாக ஒரே ஒரு ஆளுக்குத்தான் இந்த அளவில் வெட்டியிருக்கிறார். அந்த ஆளுக்கு வலது தோள் இறங்கினது கத்தரி பிடித்து.

அவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றாள் அவள். "கொஞ்சம் நகருங்க. மறைக்குது."

செவ்வாய்க்கிழமை காலை மாஸ்டர் பீரோவைத் திறந்தார். கொள்ளைக்காரன் போயிருந்தான். பந்தயப்படி அந்த இடத்தில் மாஸ்டர் இருந்தார். திங்கட்கிழமை அவர் கட்டிங் மேசையில் குனிந்திருந்தபோது அவள் பின்னாலிருந்து போனில் எடுத்தது. சகலை நல்ல தாளில் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு கீறல் இல்லை. சட்டைத் தையலை எண்ணலாம். முகத்தை மட்டும் எங்கு தேடினாலும் கிடைக்காது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டும் பார்த்தார். ஜெயித்தது நான், படம் என்னுடையது, முதுகு என்னுடையது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் இப்போதுதான் பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தன. தெருவில் போகும்போது அவள் எப்போதும் நாலடி பின்னால் வருவாள். மரியாதை என்று நினைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தால், "போய்க் கையைக் கழுவுங்க," என்பாள். அக்கறை என்று நினைத்திருந்தார். முப்பது வருஷமாக அவள் குடும்பம் நடத்தியது வேறொருத்தனோடு, இந்த முதுகோடு. அந்த ஆள் இவரோடுதான் படுக்கிறான், எழுகிறான், இவர் சம்பாதித்த சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறான். ஒருநாள்கூட இவரிடம் முகம் கொடுத்துப் பேசினதில்லை.

கடைக்குப் போனதும் முதல் வேலையாக ட்ரையல் ரூமுக்குள் நுழைந்து திரையை இழுத்துவிட்டார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் சாய்த்து வைத்து, கழுத்து வலிக்க வலிக்க அவனைத் தேடிப் பிடித்தார். பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ஆள் நன்றாகத்தான் இருந்தான். வயிறு எரிந்தது.

வெளியே வந்து மேசையில் துணியை விரித்தார். சாக்பீஸால் கோடு போட்டார். பின்னால் ஸ்டூலில் அவள் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி துணியில் இறங்கி ஏறுகிற சத்தம்கூடக் கேட்டது. வாடிக்கையாளர் யாருமில்லை. கத்தரியை எடுத்தார். பாதித் துணி வெட்டுகிற வரைக்கும் தைரியம் வரவில்லை. வந்தபோது, திரும்பாமலே கேட்டார்.

"ஏய்."

"ம்."

"அன்னிக்கு நான் திரும்பிப் பாத்துக் கேட்டிருந்தா?"

ஊசி நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"யோசிச்சிருப்பேன்," என்றாள்.