லீடர் திரும்பிப் பார்க்கக் கூடாது

நயினார்கோவில் பக்கம், நம்ம ஊர்,
ஆகஸ்ட் இருபது.

அன்பில் குறைவில்லாத மாப்பிள்ளை காளிதாசுக்கு, உன் அக்காள் புருஷன் பாண்டித்துரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் முருகலட்சுமியும் ஆடுகளும் சுகம். மழைக்குத்தான் சுகமில்லை போலிருக்கிறது, இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. அங்கே எல்லையில் பனியும் குளிரும் உன்னைப் படுத்தாமல் இருக்க நயினார்கோவில் நாகநாதரை வேண்டிக்கொள்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் உன்னால் வந்தது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் இருக்கிற ஒரே போனை உன் மருமகள் யுவராணி அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். இது அவளைப் பற்றிய சேதி. ஆகவே அவளுக்குத் தெரியாமல், கண்மாய்க் கரையில் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து எங்காவது கோணிக்கொண்டு போனால் அது என் குற்றமில்லை, வெள்ளாடு இடித்தது.

அவள் பள்ளிக்கூடத்து மார்ச் பாஸ்ட் டீமுக்கு லீடர் ஆனது உனக்குத் தெரியும். அந்த டீமின் சரித்திரம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் லீடர் ஆன நாள் முதல் ராத்திரிச் சோற்றோடு எனக்கு அதைத்தான் பிசைந்து போட்டாள். சேதுபதி ராஜாக்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் எனக்குத் தடுமாறும். இந்த டீமின் லீடர்களைக் கேள், தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். பழைய லீடர் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது டீமை தேவிபட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், விசிலைக் கடல் தண்ணீரில் முக்கி எடுத்துப் புது லீடர் கழுத்தில் போடுவார்களாம். அந்த உப்பு நாக்கில் பட்ட பிறகுதான் அவள் லீடராம். நம்ம பிள்ளை அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்றுகூடச் சொல்லவில்லை, அவ்வளவு பூரிப்பு.

அந்த டீமுக்கு இரண்டு சட்டம் உண்டு. முதல் சட்டம், லீடர் திரும்பிப் பார்க்கக் கூடாது. டீமை ஆரம்பித்த முதல் லீடர் ராமலெட்சுமி என்கிறவர், செருப்பில்லாத பிள்ளைகளைக் கொதிக்கிற மண்ணில் நடத்திக்கொண்டு போய்க் கோப்பை வாங்கி வந்தாராம். வழி நெடுக ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லையாம். பின்னால் ஆள் வருகிறதா என்று சந்தேகப்படுகிறவள் லீடரே இல்லை என்பது அதற்கு அர்த்தமாம். இரண்டாவது சட்டம், அணியில் ஒருத்தி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. எப்போதோ ஒரு பிள்ளை வெயிலில் மயங்கி விழுந்த பிறகு வந்த சட்டம் அது. இரண்டும் நல்ல சட்டம்தான் மாப்பிள்ளை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்தால் என்ன ஆகும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் யோசித்துப் பார்க்கவில்லை.

நீ போன லீவில் வந்தவன் கறிச்சோறு தின்றோமா, தூங்கினோமா என்று போயிருக்கலாம். அவள் முதல் சட்டத்தைச் சொன்னதும் மீசையைத் தடவிக்கொண்டு, "பட்டாளத்துலயும் அதேதான் மருமகளே, முன்னால போறவன் பின்னால பாக்கப்படாது" என்று ஒரு போடு போட்டாய். அவ்வளவுதான், சட்டம் வேதமாகிவிட்டது. பின்னால் கால் சத்தம் கேட்டால்தான் நடை வரும் என்று காலையிலும் சாயங்காலமும் களத்துமேட்டில் என்னைத் தன் பின்னால் நடக்க வைத்தாள். எனக்கு இடது வலது பிடிபடவில்லை. "அய்யா, எடது காலு!" என்பாள். "எதும்மா எடது?" என்பேன். "சோறு திங்காத கைப்பக்கம்!" என்பாள். ஒரு காலில் ஓலையும் மறு காலில் கந்தல் துணியும் கட்டிப் பார்த்தாள். ஓலையை ஆடு தின்றுவிட்டது. அதைவிட என் டயர் செருப்பு அவளுக்குப் பெரிய தொல்லை. "இழுக்காதீங்கய்யா, சரக்கு சரக்குன்னு சருகுல ஆடு நடந்த மாதிரி கேக்குது" என்பாள். என்ன செய்ய, இந்த வயதுக்குமேல் காலைத் தூக்கி வைத்தால் நான் விழுந்துவிடுகிறேன்.

சுதந்திர தினத்தன்று ராமநாதபுரத்து மைதானத்துக்கு நானும் உன் அக்காளும் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். பேண்டு வாத்தியம் முழங்க அணிகள் வந்தன. நம்ம பிள்ளைதான் முன்னால். மாப்பிள்ளை, அந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், மேடைக்குக் கொஞ்சம் முன்னால் சிநேகா என்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் ஷூ கழன்று கிடக்கிறது. அக்காளுடைய ஷூவைத் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளை, பாவம். அவள் நின்றாள். இரண்டாம் சட்டப்படி அவள் வரிசை நின்றது, பின் வரிசைகள் நின்றன, மொத்த டீமும் ஒரு ஷூவுக்குக் காவலாக நின்றது. முதல் சட்டப்படி நம்ம பிள்ளை மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். பேண்டுச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். சனம் சிரிக்க ஆரம்பித்தது.

அப்போது எனக்கு என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லை. பேண்டு நின்றால், பின்னால் கால் சத்தம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடுமே, அத்தனை பேர் நடுவில் பிள்ளை உடைந்துபோகுமே என்று மட்டும்தான் நினைத்தேன். கட்டைப்பையோடு கயிற்றைத் தாண்டி ஓடி, அவள் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பால்சாமி என்பவர் துரத்திக்கொண்டு வந்தார்.

"யோவ், யாருய்யா நீயி? பையில என்ன?"

"புளியோதரை சார். சத்தம் போடாதீங்க. அந்தப் பிள்ளைக்குப் பின்னால ஆளு இல்ல. காலு சத்தம் மட்டும் குடுங்க சார், புண்ணியமாப் போகும்."

"ஒம் பிள்ளையா?"

"எம் பிள்ளைதான்."

அவர் மேடையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் கால் போட்டார். என்ன கால் மாப்பிள்ளை அது! அவர் பூட்ஸ் டக்கு டக்கு என்று விழ, நடுவில் என் செருப்பு சரக்கு சரக்கு என்று இழுக்க, நாங்கள் மூன்று பேரும் மேடையைக் கடந்தோம். அவள் "ஐஸ் ரைட்!" என்று முழங்கினாள். நான் இடது பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே உன் அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். மேடையில் இருந்த பெரியவர்கள் எழுந்து சல்யூட் வைத்தார்கள். எனக்குக் கை ஒழியாததால் கட்டைப்பையைத் தூக்கிக் காட்டினேன். மைதானத்து வாசலுக்கு அருகில் அவள் "ஹால்ட்" சொல்வதற்குள் பால்சாமி என் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒளித்துத் தானும் ஒளிந்துகொண்டார். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளாம். அவள் முறைப்படி "அபௌட் டர்ன்" அடித்துத் திரும்பினாள். பின்னால் வெறும் மண். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புளியோதரையைப் பால்சாமி சாப்பிட்டார்.

அன்றிலிருந்து வீடு இழவு வீடாகிவிட்டது. லீடர் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று டீம் பிள்ளைகளுக்குக் கோபமாம், அவளோடு பேசுவதில்லை. ஒரு வகையில் அதுவும் நல்லதுக்குத்தான், என் சங்கதி அவள் காதுக்குப் போகவில்லை. இவளும் "விசில் வேணாம், டீம் வேணாம், திருப்புல்லாணிச் சித்தி வீட்டுல இருந்து படிக்கப் போறேன்" என்கிறாள். காரணம் கேட்டால் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் பள்ளிக்கூடத்தில் பேசி, விசிலை வேறு பிள்ளைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்களாம். அந்த விசிலுக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. அது போனால் அவள் அப்படியே சுருங்கிப்போவாள்.

சட்டத்தைப் போட்டவரையே கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறிப் பாம்பன் பாலம் தாண்டி இராமேஸ்வரத்துக்கும் போய் வந்தேன். அந்த ராமலெட்சுமி அங்கே லாட்ஜ் நடத்துகிறார். அமாவாசைக் கூட்டம், ரூம் கேட்டு வந்த ஆள் என்று நினைத்து "ஒண்ணும் காலி இல்ல" என்று விரட்டினார். விவரத்தைச் சொன்னதும் சாவிக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பார், எனக்கு வயிறு எரிந்தது. "அண்ணே, நான் எங்க சட்டம் போட்டேன்? முந்தின நாளு தண்ணிக் கொடத்தை ஏறுக்குமாறாத் தூக்கிப்புட்டேன், கழுத்துச் சுளுக்கு. திரும்பிப் பாக்கணும்னு எனக்கும் ஆசைதான், முடியல" என்றார். ஒரு அம்மாளின் கழுத்துச் சுளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கே பிடித்துக்கொண்டிருக்கிறது! இதை நான் எப்படி யுவராணியிடம் சொல்ல? சாமி படத்துக்குப் பின்னால் பல்லி இருக்கிறது என்று சொல்கிற மாதிரி ஆகாதா? சொல்லவில்லை.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டுப் புறப்பட்டு வா. பட்டாள உடுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, லீடர் திரும்பியும் பார்க்கலாம் என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போ. நீ கட்டிய முடிச்சை நீதான் அவிழ்க்க வேண்டும். அவள் பின்னால் நடந்து வந்தது நான்தான் என்பதை மட்டும் உயிரே போனாலும் சொல்லிவிடாதே. ஊர் சிரிக்க டயர் செருப்போடு வந்தவன் தன் அப்பன் என்று தெரிந்தால் பிள்ளை வெட்கத்தில் செத்துப்போகும். வரும்போது உங்கள் கேண்டீனில் எனக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ ஒரு ஜோடி வாங்கி வா. இந்தச் செருப்பைக் கண்மாயில் வீசிவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். கண்மாயில் தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

உன் கூட இருக்கிற பட்டாளத்துப் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். அக்காள் உன்னைக் காது மூடுகிற மாதிரி துண்டு கட்டிக்கொள்ளச் சொன்னாள். நோய் நொடி இல்லாமல், துப்பாக்கிக்கு வேலை இல்லாமல், வெயிலும் நிழலும் சரிபாதியாக நீ நீடு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மச்சான்,
பாண்டித்துரை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று சாயங்காலம் அந்த டீம் பிள்ளைகள் மொத்தமும் யூனிபார்மோடு மினி பஸ்ஸில் வந்து நம்ம வாசலில் வரிசையாக நின்றார்கள். யுவராணி எழுந்து வந்தாள். சிநேகா அழுதுகொண்டே, "உங்க மேல கோவம்னு சொன்னது பொய்யிக்கா. உங்க பின்னால நாங்க ஒருத்திகூட வரலையேன்னு எங்களுக்குத்தான் கேவலமா இருந்துச்சு. உங்கய்யாதான் வந்தாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள். நான் ஆட்டுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். யுவராணி, "எனக்குத் தெரியும்டி" என்றாள். "எங்கய்யா செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? உங்க காலு சத்தம் நின்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. நானும் நின்னுரலாம்னுதான் காலை மடக்கினேன். அப்பத்தான் சரக்கு சரக்குன்னு கேட்டுச்சு. அதை வச்சுத்தான் மேடையைத் தாண்டினேன். என்னால எங்கய்யாவைப் பாத்து ஊரே சிரிச்சிருச்சு, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விசில் ஊதுறதுன்னுதான் படுத்துக் கெடந்தேன்" என்றாள். மாப்பிள்ளை, அவள் எனக்காக வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், நான் அவளுக்காக வெட்கப்பட்டுக் கண்மாய்க் கரையில் கடிதம் எழுதியிருக்கிறேன்.

அழுகிற கூட்டத்தைத் தேற்ற வேறு வழி தெரியாமல் அந்தக் கழுத்துச் சுளுக்கையும் சொல்லிவிட்டேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் ஆடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. சுளுக்கோ என்னவோ, சட்டம் சட்டம்தானாம். புறப்படும் முன் லீடர் ஒவ்வொருத்தி ஷூவையும் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தாங்களே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், விசில் அவள் கழுத்திலேயே இருக்கிறது.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படித்த மாதிரியே காட்டிக்கொள்ளாதே. லீவு கேட்காதே. முக்கியமாக, ஷூ வாங்காதே. "குடியரசு தினத்துக்கும் அந்தச் செருப்போடயே வாங்கய்யா. நீங்க வந்திருக்கீங்களான்னு நான் திரும்பிப் பாக்க முடியாதுல்ல" என்று சொல்லியிருக்கிறாள்.